கோடி வாங்குபவனுக்குச் சங்கம் எதற்கு?

“கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சங்கம் எதற்கு? வேலைநிறுத்தம் எதற்கு?” அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களுக்கும் அணி முதலாளிகளுக்கும் இடையே நடந்த தகராறுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நண்பர்கள் உடனே கேட்கும் கேள்வி இது. நண்பர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1998-லும் 2011-லும் இந்தத் தகராறுகள் முற்றியபோது, “லட்சாதிபதிக்கும் கோடீஸ்வரனுக்கும் சண்டை, நமக்கென்ன?” என்று அமெரிக்க ரசிகர்களே கைகொட்டிச் சிரித்தனர்.

சிரிப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்.பி.ஏ. என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின் வரலாற்றில், வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஓர் ஆட்டம்கூட ரத்தானதில்லை. தொழில் தகராறில் ரத்தான ஆட்டங்கள் எல்லாம் முதலாளிகள் செய்த கதவடைப்பால் ரத்தானவை. தொழிலாளி கருவியைக் கீழே வைத்தால் அது வேலைநிறுத்தம். முதலாளி ஆலைக் கதவுக்குப் பூட்டுப் போட்டால் அது கதவடைப்பு. பூட்டுப் போட்டவரை விட்டுவிட்டு வெளியே நிற்பவனைப் பார்த்து, “ஏன் வேலைக்கு வரவில்லை?” என்று கேட்பது என்ன நியாயம்?

சம்பளத்தின் அளவை வைத்து ஒருவன் தொழிலாளியா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து. அவன் விற்பது தன் உடலுழைப்பையா, அந்த உழைப்புக்கு விலை வைப்பவர் யார், பிடிக்காவிட்டால் அவன் வேறிடம் போக முடியுமா என்று பார்க்க வேண்டும். அத்துடன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தகராறு நீண்டால் யார் வீட்டு அடுப்பு அதிக நாள் எரியும்? இந்தக் கடைசிக் கேள்விதான் கூடைப்பந்துத் தகராறுகளின் முடிவை ஒவ்வொரு முறையும் தீர்மானித்திருக்கிறது.

சங்கம் பிறந்த கதையில் கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. 1954-ஆம் ஆண்டில் பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாப் கூஸி, ஒவ்வோர் அணியிலும் செல்வாக்குள்ள ஒரு வீரருக்குக் கடிதம் எழுதிச் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். கணக்கில்லாமல் ஆட வைக்கப்படும் காட்சி ஆட்டங்களுக்கு ஒரு வரம்பு வேண்டும். நொடித்து மூடப்பட்ட பால்டிமோர் அணி வீரர்களுக்கு நிலுவையாக நிற்கும் இரண்டு வாரச் சம்பளம் வேண்டும். நடுவரைப் பார்த்து முணுமுணுத்தால் விதிக்கப்படும் 15 டாலர் அபராதத்தை நீக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கே மூன்றாண்டுகள் இழுத்தடித்தார்கள். நாட்டின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பிலேயே சேர்ந்துவிடுவோம் என்று கூஸி கோடிகாட்டிய பிறகுதான், 1957-ல் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது.

அடுத்த நிகழ்ச்சி நாடகம் போன்றது. 1964 ஜனவரி 14. பாஸ்டன் நகரில் கடும் பனிப்புயல். கிழக்கு அணிகளின் சிறந்த வீரர்களும் மேற்கு அணிகளின் சிறந்த வீரர்களும் மோதும் நட்சத்திர ஆட்டம் அன்றிரவு. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தது. ஆட்டம் தொடங்கச் சற்று நேரமே இருக்கையில், உடைமாற்றும் அறையில் இருந்த வீரர்கள், ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி கொடுத்தால் ஒழியக் களத்துக்கு வருவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது சங்கத்தின் தலைவர் டாம் ஹைன்சன். கோடை விடுமுறையில் இன்சூரன்ஸ் விற்றுக் குடும்பம் நடத்திய ஆட்டக்காரர் அவர். சங்கத்தின் வழக்கறிஞர் லாரி ஃப்ளைஷர். உள்ளே பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லின், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர். கூடைப்பந்தின் பொற்காலம் என்று எதைச் சொல்கிறார்களோ, அது முழுவதும் அந்த ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் முதலாளி தம் வீரர்களான பெய்லருக்கும் வெஸ்டுக்கும் ஆள் மூலம் மிரட்டல் சொல்லி அனுப்பினார். உடனே வெளியே வராவிட்டால் அவர்கள் கதை முடிந்தது என்பது செய்தி. பெய்லர் சொல்லி அனுப்பிய பதிலைக் கல்லூரி மலரில் அச்சிட இயலாது. ஒளிபரப்பு நேரம் நெருங்க நெருங்க முதலாளிகளின் நெஞ்சு படபடத்தது. கடைசியில் கழகத் தலைவர் வால்டர் கென்னடி அறைக்குள் வந்து வாக்குக் கொடுத்தார். அதன் பிறகே ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. அன்று சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் ராபர்ட்சன்.

இந்த நிகழ்ச்சியில் என்னைக் கவர்ந்தது வீரர்களின் துணிச்சல் மட்டுமன்று, அவர்கள் நேரம் பார்த்த நேர்த்தியும்தான். காத்திருக்க முடியாத நிலை அன்று முதலாளிகளுக்கு. வீரர்களுக்கோ கால்மணி நேரம் காத்திருப்பதில் எந்த நட்டமும் இல்லை. யாரால் காத்திருக்க முடிந்ததோ அவர்கள் வென்றார்கள். மேலும், ஓய்வூதியம் இல்லாமல் தவிக்கப்போவது அந்த அறையில் இருந்த நட்சத்திரங்கள் அல்லர். அணியின் பலகையில் உட்கார்ந்திருக்கும் பத்தாவது ஆள். அவனுக்காகப் பேர்பெற்றவர்கள் பிழைப்பைப் பணயம் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டே சங்கத் தலைமைக்கு வந்தவர் ராபர்ட்சன். அமெரிக்காவில் தேசிய அளவிலான ஒரு விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு வீரனை எந்த அணி எடுத்ததோ, அந்த அணி விடும்வரை அவன் அதற்கே சொந்தம். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக முடியாது. பண்ணையாளுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? சட்டையில் எண் இருந்தது, அவ்வளவுதான். 1970-ல் ராபர்ட்சனும் ஒவ்வோர் அணியின் சங்கப் பிரதிநிதியும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். அது 1976-ல் உடன்பாட்டில் முடிந்தது; அந்த விதியின் கழுத்து நெரிபட்டது. ராபர்ட்சன் 1974-லேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்று அணி மாறிக் கோடிகள் பெறும் எவனும் அவர் பெயரில் போடப்பட்ட வழக்கின் நிழலில்தான் நிற்கிறான். அந்த நிழலில் ஒரு நாள்கூட அவர் இளைப்பாறவில்லை.

இதற்கிடையில் ஸ்பென்சர் ஹேவுட் வழக்கு. பள்ளிப்படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகாதவனை அணியில் எடுக்கக்கூடாது என்பது கழக விதி. மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி எடுத்துப் பிழைத்த ஒரு தாயின் பத்துப் பிள்ளைகளில் ஒருவர் ஹேவுட். நான்கு ஆண்டு பொறுத்திருங்கள் என்று அந்த வீட்டைப் பார்த்து யார் சொல்வது? 1971-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதன்பின் குடும்ப வறுமையைக் காட்டினால் விலக்குப் பெறலாம் என்று விதி தளர்ந்தது.

1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல அணிகள் நட்டத்தில் நடப்பதாக முதலாளிகள் முறையிட்டார்கள். சங்கம் ஒரு பண்டமாற்றுக்கு உடன்பட்டது. ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்குமாகக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. அதற்கு ஈடாக, வருமானத்தில் 53 சதவீதம் வீரர்களுக்கு உறுதி. 1984-85 பருவத்தில் உச்சவரம்பு 36 லட்சம் டாலர். 2025-26 பருவத்தில் அது 15 கோடியே 46 லட்சம் டாலர். “எனக்குக் கூலி கொடு” என்று கேட்டவர்கள் “வருமானத்தில் எங்கள் பங்கு இவ்வளவு” என்று பேசத் தொடங்கியது அப்போதுதான். அதற்குப் பின் எழுந்த தகராறுகள் எல்லாம் அந்தச் சதவீதத்தைப் பற்றியவையே.

இனி 1998-க்கு வருவோம். உச்சவரம்பில் ஒரு விலக்கு இருந்தது. தன் பழைய வீரனைத் தக்கவைத்துக்கொள்ள அணி வரம்பை மீறிச் சம்பளம் கொடுக்கலாம். 1997-98 பருவத்தில் ஓர் அணிக்கு உச்சவரம்பு 2 கோடியே 69 லட்சம் டாலர். மைக்கேல் ஜோர்டான் ஒருவரின் சம்பளமே 3 கோடியே 31 லட்சம். மினசோட்டா அணி, இருபத்தொரு வயது கெவின் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் தர 1997-ல் ஒப்புக்கொண்டது. அந்த அணி முழுவதையும் முதலாளி கிளென் டெய்லர் வாங்கிய விலையே 8 கோடியே 80 லட்சம்தான். முதலாளிகள் மிரண்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களே, மிரண்டவர்களும் அவர்களே என்பதுதான் வேடிக்கை. தங்கள் கையைத் தாங்களே கட்டிப்போடத் தொழிலாளியிடம் கயிறு கேட்டார்கள். 1998 ஜூலை 1-ஆம் நாள் கதவு பூட்டப்பட்டது.

வீரர்களுக்குச் சம்பளக் காசோலை வரத் தொடங்கும் நாள் நவம்பர் 15. ஆக, ஜூலையில் போட்ட பூட்டு நவம்பரில்தான் வலிக்கும். இது முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். ஆட்டமே நடக்காவிட்டாலும் தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்தப் பருவத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், கணக்கைப் பின்னால் நேர் செய்துகொள்ளலாம் என்று அவர்கள் முன்னதாகவே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். உறுதி செய்யப்பட்ட ஒப்பந்தம் உள்ள வீரர்களுக்காவது சம்பளம் தர வேண்டும் என்று சங்கம் முறையிட்டது. கதவடைப்புக் காலத்தில் தர வேண்டியதில்லை என்று அக்டோபரில் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு பக்கம் நிரம்பிய களஞ்சியம். மறுபக்கம் நவம்பர் 15-ஐ எண்ணிக்கொண்டிருக்கும் நானூறு குடும்பங்கள்.

களஞ்சியம் இல்லாதவன் எப்படிப் பேசுவான்? நாங்கள் நிறையச் சம்பாதிக்கிறோம், நிறையச் செலவும் செய்கிறோம் என்ற பொருளில் சங்கத் தலைவர் பேட்ரிக் யூயிங் சொன்ன சொல் நாடு முழுவதும் நகைப்புக்கு ஆளாயிற்று. எட்டுக் கார் வைத்திருந்த கென்னி ஆண்டர்சன், ஒன்றை விற்க வேண்டியதுதான் என்று செய்தியாளரிடம் வேடிக்கையாகச் சொன்னார். ஊர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு காட்சி ஆட்டம் நடத்தி, அதன் வசூலில் ஒரு பகுதியைக் கையில் காசில்லாத வீரர்களுக்குக் கொடுப்பது என்று முதலில் அறிவித்தார்கள். எழுந்த ஏளனத்தில் அந்த எண்ணத்தையே கைவிட்டார்கள்.

1999 ஜனவரி 6-ஆம் நாள் நியூயார்க்கில் வீரர்கள் வாக்களித்தார்கள். ஏற்கிறோம் என்றவர்கள் 179 பேர். எதிர்த்தவர்கள் 5 பேர். மறுநாள் முதலாளிகள் கூடிப் பருவம் முழுவதையும் ரத்து செய்யக் காத்திருந்தார்கள். அணிக்கு 50 ஆட்டங்களாகச் சுருங்கிய பருவம் பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு தனி வீரன் இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற வரம்பு அந்த ஒப்பந்தத்தில்தான் நுழைந்தது. வீரர்களின் நியாயம் தோற்றுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. வெறுங்கை முழம் போடுமா?

சரி, அத்தனை பணமும் எங்கே போயிற்று? இந்த இடத்தில் பலர் “ஊதாரிகள்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் பார்ப்போம். பத்து லட்சம் டாலர் சம்பளம் என்றால் பத்து லட்சம் கைக்கு வராது. மத்திய வருமான வரி போகும். ஆடப்போகும் மாநிலங்களில் பலவும் அந்தந்த நாளுக்கு வரி வாங்கும். (1991 இறுதிப் போட்டியில் சிகாகோ அணி லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடியதற்குக் கலிபோர்னியா மாநிலம் வரி கேட்க, பதிலுக்கு இலினாய் மாநிலம் தனியே ஒரு சட்டமே செய்தது. ஆடுகளத்துக்கு வெளியிலும் அவ்வளவு போட்டி!) முகவருக்கு நான்கு சதவீதம் வரை போகும். வீரர்களின் பங்கு ஒப்புக்கொண்ட சதவீதத்தைத் தாண்டினால் ஈடுகட்ட, பத்து சதவீதம் பிடித்தம். ஏறக்குறைய பாதிதான் வீடு வந்து சேரும். அதுவும் எத்தனை ஆண்டுக்கு? ஆட்டவாழ்வு சராசரியாக ஐந்து ஆண்டுகூட இல்லை. முழங்கால் நரம்பு ஒன்று அறுந்தால் இருபத்தைந்து வயதிலேயே ஓய்வு. நாற்பது ஆண்டுச் சம்பளத்தை நான்கே ஆண்டில் வாங்கிக்கொண்டு மீதிக் காலமெல்லாம் அதைப் பிரித்துச் சாப்பிட வேண்டிய பிழைப்பு இது.

அந்தப் பணத்துக்குப் பங்காளிகள் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. ஆன்டோயின் வாக்கர் சிகாகோவில் வளர்ந்தவர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். 1996 முதல் 2008 வரை ஆடி 10 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். 2006-ல் மயாமி அணியுடன் கோப்பையும் வென்றார். 2010-ல் திவால் மனு கொடுத்தார். தாய்க்கு மாளிகை, உடன்பிறந்தோர்க்கு வீடு, நண்பர்க்குக் கார், தமக்குச் சூதாட்டம் என்று செலவழித்ததும் உண்மை. ஆனால் அவரைக் கவிழ்த்தது பெரும்பாலும் வீட்டுமனைத் தொழில். கடனுக்குத் தாமே தனிப் பொறுப்புக் கையெழுத்துப் போட்டிருந்தார். 2008-ல் மனைச் சந்தை சரிந்தபோது கடன்காரர்கள் நேராக அவர் கழுத்தைப் பிடித்தார்கள். எட்டுக் கார் ஆண்டர்சனும் ஆறு கோடி டாலர் அளவுக்குச் சம்பாதித்து 2005-ல் திவாலானார். பிறகு கல்லூரியில் சேர்ந்து 2010-ல் பட்டம் வாங்கினார். அதைப் பற்றி ஏளனம் செய்தவர்கள் எழுதியதாகத் தெரியவில்லை.

எட்டுக் கார் எட்டுக் கார்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வாக்கரின் வீட்டுக் கூட்டத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்னும் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. அதற்குள் என் முதல் மாதச் சம்பளத்துக்கு நான்கு பேர் வரவு செலவு எழுதிவிட்டார்கள். தங்கையின் கல்யாணம் அதில் இருக்கிறது. கூரைக்கு ஓடு அதில் இருக்கிறது. மாமாவுக்குத் திருப்ப வேண்டிய கைமாற்று அதில் இருக்கிறது. அவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் அல்லர். பரம்பரையாகப் பணம் இருக்கும் வீட்டில் பிள்ளையின் சம்பளம் பிள்ளைக்கே சொந்தம். முதல் சம்பளம் நுழையும் வீட்டில் அது வீட்டுக்கெல்லாம் சொந்தம். இல்லை என்று சொல்லப் பழக்கமும் கிடையாது, சொல்லிக் கொடுத்தவரும் கிடையாது. பத்தொன்பது வயதில் அப்படி ஒரு வீட்டுக்குள் கோடிகள் வந்து விழுந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்று தலைமுறையாகக் கணக்குப்பிள்ளையும் வழக்கறிஞரும் வைத்துத் தொழில் செய்யும் முதலாளியோடு அந்தப் பையன் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசுகிறான்!

வேறு விதமாக வாழ்ந்தவரும் உண்டு. ஜூனியர் பிரிட்ஜ்மன் 1975 முதல் 1987 வரை பெரும்பாலும் மில்வாக்கி அணிக்கு ஆடியவர். ஓராண்டில் அவர் பெற்ற உச்ச சம்பளம் மூன்றரை லட்சம் டாலர்தான். ஆட்டமில்லாத மாதங்களில் ஓர் உணவுக் கடையில் வேலை செய்து அந்தத் தொழிலை அடியிலிருந்து கற்றார். பின்னாளில் நூற்றுக்கு மேற்பட்ட உணவுக் கடைகளுக்கும், பிறகு கொக்கோ கோலா ஆலைக்கும் உரிமையாளர் ஆனார். 2024-ல், தாம் ஒரு காலத்தில் கூலிக்கு ஆடிய மில்வாக்கி அணியிலேயே பத்து சதவீதப் பங்கை வாங்கினார். 2025 மார்ச்சில் மறைந்தார். இவர் கதையைச் சிக்கனத்துக்குச் சான்றாக எல்லாரும் சொல்கிறார்கள். அவர் 1985 முதல் 1988 வரை வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தார் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வீரன் தன் ஒப்பந்தம் முடிந்ததும் தடையின்றி வேறு அணிக்குப் போகும் உரிமைக்கு முதன்முதலாக வழி திறந்த 1988 ஒப்பந்தம் அவர் காலத்துப் போராட்டத்தின் பலன். கையில் வேறு பிழைப்பு உள்ளவன்தான் முதலாளியிடம் நிமிர்ந்து பேச முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

2011-ல் மீண்டும் கதவடைப்பு, 161 நாட்கள். முப்பது அணிகளில் 22 அணிகள் நட்டத்தில் ஓடுவதாகக் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் சொன்னார். வருமானத்தில் 57 சதவீதமாக இருந்த வீரர் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆட்டங்கள் 82-லிருந்து 66-ஆகச் சுருங்கின. கிறிஸ்துமஸ் அன்று பந்து உருண்டது.

நட்டம் என்ற சொல்லை மட்டும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். டெய்லர் 8 கோடியே 80 லட்சத்துக்கு வாங்கிய அந்த மினசோட்டா அணி, 2021-ல் பேசி 2025-ல் முடிந்த விற்பனையில் 150 கோடி டாலருக்குக் கைமாறியது. பாஸ்டன் அணியை 2025-ல் 610 கோடி டாலர் மதிப்பில் விற்றார்கள். ஆண்டுதோறும் நட்டம், விற்கும்போது பல மடங்கு! எங்கள் வணிகவியல் நண்பர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கக்கூடும். முதலாளியின் ஏடு முப்பது ஆண்டுக் கணக்குக் காட்டும். வீரனின் ஏட்டில் ஐந்தே பக்கம். ஐந்து பக்கத்தில் ஒரு பக்கத்தைக் கதவடைப்பு தின்றுவிட்டால் அவனுக்கு அதைத் திருப்பித் தர யாரும் இல்லை. அதனால்தான் பூட்டு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து போடப்படுகிறது.

சங்கம் இதை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். மூன்று பருவம் ஆடியவனுக்கு ஓய்வூதிய உரிமை உண்டு; வீரன் தன் பங்குக்குச் சேமிப்பில் போடும் தொகைக்கு மேலாகவே கழகமும் போடுகிறது. 2016-ல், மூன்று பருவமாவது ஆடி ஓய்வு பெற்றவர்களுக்குச் சங்கமே மருத்துவக் காப்பீடு செய்யும் என்று அன்று ஆடிக்கொண்டிருந்த வீரர்கள் ஒருமனதாக வாக்களித்தார்கள். 1976-ல் கலைந்துபோன ஏ.பி.ஏ. என்ற போட்டிக் கழகத்தின் பழைய வீரர்கள் பலர் ஓய்வூதியமின்றி முதுமையில் வாடினர். 2022-ல்தான் அவர்களுள் சுமார் 115 பேருக்கு என்.பி.ஏ.வும் சங்கமும் சேர்ந்து 2 கோடியே 45 லட்சம் டாலர் ஒதுக்கின. நாற்பத்தாறு ஆண்டு காத்திருப்பு. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“கோடி வாங்குபவனுக்கு” என்று கேட்கும் நண்பர்கள் பெண்கள் கூடைப்பந்தை ஒருமுறையேனும் நினைப்பதுண்டா? டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் ஆடத் தொடங்கியது. அங்கே கோடி கிடையாது. 2024-ல் நாடே கொண்டாடிய கெய்ட்லின் கிளார்க்குக்கு முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். ஆகவே குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய் ஆடிப் பிழைத்தார்கள். டயானா டோராசிக்கு ஒரு ரஷ்ய அணி கொடுத்த சம்பளம் எவ்வளவு பெரிதென்றால், 2015-ல் சொந்த நாட்டுப் பருவத்தில் ஆடாமல் ஓய்வெடுக்கவும் அந்த அணியே பணம் கொடுத்தது. அதே அணிக்கு ஆடப் போன பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகிப் பத்து மாதம் சிறையில் கிடந்தார். அவர் செய்தது குற்றமா இல்லையா என்பது வேறு வழக்கு. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரி ஒருத்தி குளிர்காலக் கூலிக்காக அங்கே போக வேண்டியிருந்தது ஏன் என்பதே என் கேள்வி.

இந்தப் பெண்கள் 1998-ஐப் படித்துத் தேறியவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 2024 அக்டோபரில் அவர்களுடைய சங்கம், நடப்பு ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதற்கு முன்பே சங்கத்தின் துணைத் தலைவர்கள் இருவர், பிரியானா ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும், ‘அன்ரைவல்ட்’ என்ற பெயரில் மூவர் ஆடும் சொந்தப் போட்டித் தொடர் ஒன்றைத் திட்டமிட்டு வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் மயாமியில் அது தொடங்கியது. சராசரிச் சம்பளம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். ஆடுகிறவளுக்கு அந்த நிறுவனத்திலேயே பங்கும் உண்டு. ரஷ்யாவுக்குப் போக வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் இண்டியானாபோலிசில் நட்சத்திர ஆட்டம். எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்ற பொருள்பட அச்சிட்ட ஒரே மாதிரிச் சட்டையை அணிந்து, இரு அணிப் பெண்களும் பயிற்சிக்கு வந்தார்கள். பார்க்க வந்த கூட்டம், சம்பளத்தைக் கொடு என்று முழக்கமிட்டது. 1998-ல் யூயிங்கைப் பார்த்துச் சிரித்த அதே நாட்டு ரசிகர்கள்தான் இவர்களும். அதற்குச் சில வாரம் முன்புதான், புதிய அணி தொடங்கும் உரிமைக்கு மட்டும் 25 கோடி டாலர் வீதம் மூன்று நகரங்களிடம் பேசி முடித்திருந்தார்கள். யாரும் இல்லை என்று சொல்ல முடியாத கணக்கு அது. அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் காலாவதியாக இருந்தது. முதலில் ஒரு மாதம் நீட்டித்தார்கள், பிறகு ஜனவரிவரை நீட்டித்தார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. பெண்கள் அவசரப்படவில்லை. 2026 ஜனவரியில் மயாமியில் அவர்களுடைய சொந்தத் தொடரின் இரண்டாம் பருவம் குறித்தபடி தொடங்கியது; சம்பளமும் வந்துகொண்டிருந்தது.